தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவர்

கேள்வி: எனக்கு வயது 44. ஆசிரியை. ஒன்றரை ஆண்டுக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சும் தெளிவில்லை. அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறார். பள்ளி நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். மற்றபடி எல்லாம் நான்தான். அண்ணன் பெங்களூரில் இருந்து பணம் அனுப்புகிறார், ஞாயிறுதோறும் போனில் அறிவுரை சொல்கிறார். அம்மா இரவெல்லாம் கத்துகிறார். ஊட்டும் சோற்றைத் துப்புகிறார். உடை மாற்றினால் கிள்ளுகிறார். போன மாதம் ஒரு நாள் ஆத்திரத்தில் அவர் கையை இறுக்கிப் பிடித்து உலுக்கிவிட்டேன். விரல் தடம் இரண்டு நாள் மறையவில்லை. தோழி ஒருத்தி பௌத்த தியானம் சொல்லிக்கொடுத்தாள். மூச்சைக் கவனித்தால் நெஞ்சு அடைக்கிறது. 'அம்மா நலமாக இருக்கட்டும்' என்று நினைத்தால் அழுகை வருகிறது. பின்னாலேயே 'இது சீக்கிரம் முடிந்தால் தேவலை' என்ற நினைப்பும் வருகிறது. எனக்குக் கருணையே இல்லையா? காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்றும் சில நாள் தோன்றுகிறது. பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனால் சரியாகுமா? முருகனைக் கும்பிடுகிற நமக்கு இதெல்லாம் எதற்கு என்று மாமியார் கேட்கிறார்.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது.' ஒன்றரை ஆண்டாகத் தூக்கம் கெட்ட உடம்பில் இப்படி ஒரு நினைப்பு எழுவதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு நேராகத் தியானத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் அந்த நினைப்பு வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கணவரிடம் இன்றே சொல்லுங்கள். 'அலுப்பாக இருக்கிறது' என்று மழுப்பாமல், எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அம்மாவின் மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு கொஞ்ச காலத்துக்கு அவரிடம் இருக்கட்டும். அந்த நினைப்பு எப்போதாவது வழி தேடத் தொடங்கினால், அன்றிரவு தனியாக இருக்காதீர்கள்; நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மனச்சோர்வு நோய்க்கு மருந்து இருக்கிறது, அது வேலையும் செய்கிறது. மருந்து சாப்பிட்டுக்கொண்டே தியானமும் செய்யலாம், இரண்டுக்கும் பகை கிடையாது.

இனி அம்மாவைப் பற்றிய அந்த நினைப்பு. தீராத நோயாளிகளின் குடும்பங்களோடு வேலை செய்கிறவள் நான். 'இது சீக்கிரம் முடிந்தால் தேவலை' என்பதை, கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, எத்தனையோ மகள்களும் மகன்களும் மருமகள்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அம்மா படும் பாடும் நீங்கள் படும் பாடும் தீர வேண்டும் என்று மனம் கேட்கிறது. தீர வேறு வழி அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நினைப்பை வைத்து உங்களுக்குக் கருணை இல்லை என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன்.

கையை உலுக்கியது வேறு விஷயம். அதைச் சமாதானம் சொல்லி மூடிவைக்க நீங்களே விரும்பவில்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. அது மறுபடி நடக்கக் கூடாது, அதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். கோபம் கைக்கு வருவதை நீங்கள் உணர்ந்தவுடன் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள், அம்மா விழாதபடி கட்டிலின் தடுப்புக் கம்பியை ஏற்றுங்கள், அறையை விட்டு வெளியே போங்கள். ஐந்து நிமிடம் ஈரத் துணியோடு அம்மா கத்திக்கொண்டிருப்பதால் அவருக்கு ஆபத்து எதுவும் வராது. அந்த ஐந்து நிமிடத்தை உங்களுக்கு நீங்களே அனுமதிக்க வேண்டும்.

புத்தரின் கருணை என்று சொன்னவுடன் நம் மனத்தில் வருவது கண்மூடி அமர்ந்த ஒரு சிலை. எனக்கு உடனே நினைவுக்கு வருவது, துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதியில் வரும் ஒரு நிகழ்ச்சி. வயிற்றுப்போக்கு கண்ட ஒரு துறவி தன் கழிவிலேயே கிடக்கிறார். அறைகளைச் சுற்றிப் பார்த்துவரும் புத்தர் அவரைக் காண்கிறார். உன்னைக் கவனிக்க யாரும் இல்லையா என்று கேட்கிறார். நான் மற்றவர்களுக்கு எதுவும் செய்ததில்லை, அதனால் அவர்களும் என்னைக் கவனிப்பதில்லை என்கிறார் அந்தத் துறவி. தன் அணுக்கச் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார் புத்தர். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். பிறகு தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகப் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள்.

சகோதரி, புத்தர் அந்த நோயாளியைத் தனியாகத் தூக்கவில்லை. மகா கருணை படைத்தவர் என்று உலகம் சொல்கிற மனிதருக்கும் கால்பக்கம் பிடிக்க இன்னொருவர் தேவைப்பட்டார். அதோடு அவர் நிறுத்தவும் இல்லை. துறவிகளைக் கூட்டி, உங்களுக்குத் தாயும் இல்லை தந்தையும் இல்லை, நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார் என்று கேட்கிறார். எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அடுத்து வருவதுதான் எனக்கு இன்னும் முக்கியம். நோயாளிக்கு ஆசிரியர் இருந்தால் ஆசிரியர், மாணவர் இருந்தால் மாணவர், இப்படி யாருமே இல்லாவிட்டால் துறவியர் சங்கம் முழுவதும் பொறுப்பு என்று விதியே வகுத்துவிடுகிறார். யாராவது நல்ல மனதுக்காரர் வந்து செய்வார் என்று அவர் விட்டுவிடவில்லை.

அதே இடத்தில் பேணுவதற்குக் கடினமான நோயாளி எப்படி இருப்பார் என்றும் சொல்லப்படுகிறது. தனக்கு ஒத்துக்கொள்வதைச் செய்ய மாட்டார், அளவு தெரியாது, மருந்து சாப்பிட மாட்டார், நோய் கூடியதா குறைந்ததா என்பதைச் சொல்ல மாட்டார், வலியைப் பொறுக்க மாட்டார். படிக்கும்போது உங்கள் அம்மாவின் அறை தெரிகிறதா? சில நோயாளிகளைப் பேணுவது கடினம் என்பதைப் புத்தரே ஒப்புக்கொள்கிறார். அதை நீங்கள் சொன்னால் மட்டும் எப்படிப் பாவமாகும்? நல்ல பராமரிப்பாளரின் குணங்களிலும் முதலில் வருவது மருந்து தயாரிக்கத் தெரிந்திருப்பது, எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருப்பது. அன்பான மனம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்த வரிசையை மதித்து நானும் சில கேள்விகள் கேட்கிறேன். அம்மா சோற்றைத் துப்புவது பிடிவாதம்தான் என்று எப்படித் தெரியும்? பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிரமம் வருவது மிகச் சாதாரணம். புரையேறி உணவு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். விழுங்கும் திறனை மருத்துவரோ பேச்சுப் பயிற்சி வல்லுநரோ சோதிக்க வேண்டும். உடை மாற்றும்போது கிள்ளுகிறார் என்றால் செயலிழந்த பக்கத்துத் தோள்பட்டை வலிக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கையை இழுத்துச் சட்டை போடும்போது உயிர் போகிற வலி இருக்கும், அதைச் சொல்ல அவருக்கு வாயில்லை. இரவுக் கத்தலுக்குப் பின்னால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண் எதுவும் இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது; அதற்கும் மருந்து உண்டு. இவற்றில் ஒன்று சரியானாலே உங்கள் வீட்டின் இரவு மாறிவிடக்கூடும்.

தியானத்துக்கு வருகிறேன். தோழி சொல்லிக்கொடுத்ததில் தவறு இல்லை, தொடங்கிய இடம்தான் கடினமானது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரை மடத்தில் புத்தகோசர் என்ற பௌத்த அறிஞர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பெருநூல் தியானப் பயிற்சிகளை ஒவ்வொன்றாக விளக்குகிறது. 'நலமாக இருக்கட்டும்' என்று ஒருவரை நினைத்துச் செய்யும் மைத்திரி தியானத்தை யாரிடம் தொடங்கக் கூடாது என்று அதில் ஒரு பகுதியே இருக்கிறது. பகைவரிடம் தொடங்காதே என்கிறார். அது எவருக்கும் புரியும். மிகமிக நெருக்கமானவரிடமும் தொடங்காதே என்கிறார். அவருக்குச் சிறு துன்பம் நேர்ந்தாலும் தியானம் செய்கிறவருக்கு அழுகை வந்துவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். 1,500 ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் அழுகையை ஒருவர் கணித்து எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் தியானத்துக்குத் தகுதியற்றவர் என்பதற்கு அந்த அழுகை சான்றாகாது.

அவர் சொல்லும் வரிசையில் முதலில் நிற்பது நாமே. இதைக் கேட்டதும் உங்களுக்குக் கூசும் என்று தெரியும். அம்மா படுக்கையில் கிடக்கும்போது 'நான் நலமாக இருக்கட்டும்' என்று எப்படி நினைப்பது என்பீர்கள். கோசல நாட்டு மன்னன் பசேனதி ஒருமுறை அரசி மல்லிகையிடம், உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா என்று கேட்டானாம். இல்லை, எனக்கு என்னைவிடப் பிரியமானவர் யாரும் இல்லை என்றாள் அவள். மன்னனும் யோசித்துப் பார்த்துத் தனக்கும் அப்படியே என்று ஒப்புக்கொண்டு புத்தரிடம் போய்ச் சொன்னான். புத்தர் அவளைக் கண்டிக்கவில்லை. எல்லாருக்கும் தன் உயிர் அப்படித்தான் பிரியமானது, ஆகவே தன்னை நேசிப்பவர் பிறரைத் துன்புறுத்தக் கூடாது என்றார். தன்மீது இரக்கம் இல்லாதவர் அதிகாலை மூன்று மணிக்கு இன்னொருவர்மீது இரக்கம் காட்ட முடியாது என்பதை நான் தொழிலிலும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பள்ளி விட்டு வந்ததும், வீட்டுக்குள் நுழையும் முன் வாசல் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண்ணை மூட வேண்டாம். மூச்சையும் விட்டுவிடுங்கள், நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு மூச்சைக் கவனிப்பது சில சமயம் படபடப்பைக் கூட்டிவிடும். உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனியுங்கள். தெருவில் கேட்கிற சத்தங்களைக் கேளுங்கள். மனம் ஓடினால் ஓடட்டும், திரும்பி வரும்போது மறுபடி கால். ஒரு வாரம் இது மட்டும் போதும். பிறகு இரண்டு வரிகள்: 'இந்த இரவு எனக்கு நல்லபடியாகக் கழியட்டும். என் உடம்புக்கு ஓய்வு கிடைக்கட்டும்.' அதில் மனம் ஒட்டத் தொடங்கிய பின், நினைத்தால் மனம் லேசாகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒருவர் உயிரோடு இருந்தால் அவராக இருக்கட்டும். அடுத்து, அதிகப் பழக்கம் இல்லாத ஒருவர். பள்ளி வாசலில் நிற்கும் காவலாளி போல. அம்மா இந்த வரிசையில் பிறகு வருவார். அண்ணன் இன்னும் பிறகு. இப்போதைக்கு அவரை மன்னிக்க முயல வேண்டாம்.

அம்மாவின் முறை வரும்போது கருணைக்கும் துக்கத்துக்கும் இடையிலுள்ள எல்லையைக் கவனியுங்கள். கருணைக்கு மிக அருகில் நின்று அதைப் போலவே தோற்றம் காட்டும் பகை துயரம்தான் என்று புத்தகோசர் எச்சரிக்கிறார். அம்மாவின் வலியை நீங்களும் வாங்கி அனுபவித்தால்தான் நல்ல மகள் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி வாங்குவதால் அம்மாவின் வலி இம்மியும் குறைவதில்லை. அந்த அறையில் வலிப்பவர் இரண்டு பேர் ஆகிறார்கள். ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் என்ற ஆய்வாளர்களின் குழு இதைச் சோதித்துப் பார்த்து 2013-ஐ ஒட்டி முடிவுகளை வெளியிட்டது. துன்பப்படும் மனிதர்களின் காணொளிகளைச் சிலருக்குக் காட்டினார்கள். முதலில் அந்தத் துன்பத்தைத் தாமும் உணரும் பயிற்சி. அப்போது பார்த்தவர்களின் வேதனை கூடியது. அடுத்து மைத்திரி, கருணைப் பயிற்சி. அதே போன்ற காட்சிகளைப் பார்த்தும் வேதனை தணிந்து, கனிவும் நெருக்கமும் கூடின. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், ஒன்றரை ஆண்டு கண்விழித்தவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளிகளின் கட்டிலருகே நான் காண்பதும் இதைத்தான். 'ஐயோ, எவ்வளவு வலிக்கிறதோ' என்று நினைக்கிறவர் ஓய்ந்துபோகிறார். 'இவருக்கு இப்போது என்ன செய்தால் இதமாக இருக்கும்' என்று நினைக்கிறவர் அடுத்த நாளும் வர முடிகிறது.

மைத்திரி, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழும் முதிதை ஆகியவற்றோடு நான்காவதாகப் பௌத்தம் வைப்பது உபேட்சை. உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அம்மாவின் நோய் உங்கள் அன்பின் அளவுக்கு ஏற்பக் கூடவோ குறையவோ போவதில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்த நாளிலும் அவர் கத்துவார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, விளைவு என் கையில் இல்லை என்று மனத்தைக் கொஞ்சம் விலக்கி நிறுத்துவது உபேட்சை. இதற்கும் ஒரு போலி உண்டு என்று புத்தகோசர் சொல்கிறார்: எதையும் பொருட்படுத்தாத அசட்டை. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. உபேட்சையோடு இருப்பவர் அம்மா கத்தினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பார். அசட்டையில் இருப்பவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

பத்து நாள் விபாசனா முகாம் இப்போது வேண்டாம். அந்தப் பயிற்சியின்மீது எனக்கு மதிப்பு உண்டு. மியன்மாரில் பிறந்த சத்ய நாராயண கோயங்கா 1969 முதல் இந்தியாவில் அதைக் கற்பித்தார்; சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்திலும் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஆனால் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் போலத் தியானம், முழு மௌனம், கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும். மைத்திரிப் பயிற்சியே பத்தாம் நாளில்தான் வருகிறது. தூக்கம் கெட்டு, சாகலாமா என்ற நினைப்பும் வந்துபோகிற ஒருவருக்கு அந்த மௌனம் தாங்க முடியாததாகிவிடலாம். தீவிரத் தியானத்தில் அச்சமும் கலக்கமும் கூடியவர்களின் அனுபவங்கள் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. கோயங்காவே கடுமையான ஒற்றைத் தலைவலி தீர வேண்டும் என்றுதான் தன் ஆசான் ஊ பா கின்னிடம் போனார். தலைவலிக்காக என்றால் வேண்டாம் என்று ஆசான் முதலில் மறுத்துவிட்டார். உங்கள் மனநல மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு ஒரு நாள் போகலாம்; விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்பதற்கு எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. முகாமுக்குப் போனால், போகவர சேர்த்துப் பன்னிரண்டு நாள் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்? யாரோ ஒருவரை மனத்தில் வைத்துத்தானே முகாமைப் பற்றி யோசித்தீர்கள்? அந்த ஆளை இந்த வாரமே இரண்டு இரவுகளுக்கு வரச் சொல்லுங்கள். அந்த இரண்டு இரவும் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில் தூங்குங்கள்.

மாமியாரின் கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்ன பயிற்சிக்கு யாரும் மதம் மாற வேண்டாம். திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு கந்தர் சஷ்டி கவசம் சொன்னாலும் நல்லதுதான். தமிழுக்குப் புதியதும் இல்லை இது. மணிமேகலையில் ஆபுத்திரன் என்ற அனாதை இளைஞன் உங்கள் பக்கத்து மதுரையில்தான் இருந்தான். பிச்சை எடுத்து வந்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், பேணுவார் இல்லாதவர், நோயில் நடுங்குகிறவர் எல்லாரையும் கூவி அழைத்து ஊட்டினான். மிச்சத்தைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்கினான் என்கிறது காப்பியம். அவன் உண்டதையும் தூங்கியதையும் சொல்லாமல் விடவில்லை அதை எழுதிய சாத்தனார். எனக்கு அந்த வரிகள்மீது தனிப் பிரியம்.

கடைசியாக அண்ணன். 'நீங்கள் எதுவும் செய்வதில்லை' என்று அவரிடம் சொன்னால் பணம் அனுப்பிய கணக்கைச் சொல்வார், பேச்சு சண்டையில் முடியும். வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'அண்ணா, மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி வாருங்கள். சனிக்கிழமை இரவு அம்மா அறையில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். வர முடியாத வாரத்துக்கு இரவுப் பணிக்கு ஓர் ஆள் வைக்கப் பணம் தனியாக அனுப்புங்கள்.' இவ்வளவுதான். முடியாது என்றால் எந்த நாள் முடியும் என்று அவரே சொல்லட்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியுங்கள். வருகிற செவிலியரிடம், ஒருவராகவே அம்மாவைப் புரட்டும் முறையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் முதுகும் முக்கியம்.

மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அம்மாவின் தோள்பட்டையையும் விழுங்குவதையும் பற்றி அவருடைய மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, அம்மாவை நினைத்துச் செய்யும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
மருத்துவ உளவியலாளர்